கும்பகோணத்துக் கொல்லைக்கு வேலி

கொல்லைக்குச் சுற்றுச்சுவர் வைக்க எத்தனை நாளாகும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "பத்து நாள் போதும் சார்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கொத்தனார் வேலை பதினோரு நாளில் முடிந்தது. ஆனால் வேலி போடலாம் என்று வீட்டில் பேச்செடுத்த நாளிலிருந்து எண்ணினால் எட்டு மாதம். மீதி நாட்களைப் பத்திரமும் சர்வேயும் பக்கத்து வீடும் மழைத்தண்ணீரும் எடுத்துக்கொண்டன. பழைய ஊரில் பழைய வீடு வாங்கி, முதல் வேலையாகச் செங்கல் விலை விசாரிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புறநகர் மனை என்றால் நான்கு மூலையிலும் கல் நட்டிருப்பார்கள். கயிறு கட்டினால் எல்லை தெரிந்துவிடும். கும்பகோணத்தின் பழைய தெருக்கள் அப்படியில்லை. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன. தெருப்பக்கம் திண்ணை, பக்கவாட்டில் பொதுச்சுவர். வேலி என்ற பேச்சுக்கு இடமிருப்பது பின்னால் வால் போல நீளும் கொல்லையில் மட்டுமே. அந்தக் கொல்லைக்குள் அடுத்த வீட்டு முற்றத்துத் தண்ணீர் வரும். அவர்கள் ஓட்டுச் சாரல் விழும். கிணற்றில் பாதி அவர்களுடையதாக இருக்கும். நாம் எல்லைக்கோடு என்று நினைப்பதைக் குறுக்கே கடந்து போகிறவற்றின் பட்டியலைத் தயார் செய்வதுதான் திட்டமிடல். சுவர் அதற்குப் பிறகு.

பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

கடைசியாக எழுதிய கிரயப் பத்திரம் மட்டும் போதாது. அதற்கு மூலமான பழைய பத்திரம், அதாவது தாய்ப்பத்திரம், வேண்டும். அதற்கும் முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. புதிய பத்திரங்களில் சொத்து விவரத்தைப் பழையதைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார்கள். எழுதும்போது விட்டுப்போன வரியில்தான் வில்லங்கம் இருக்கும்.

முதலில் நான்கு மால் விவரத்தை, அதாவது நாற்புற எல்லையிலும் யார் இருக்கிறார்கள் என்பதை, படியுங்கள். "இன்னார் வீட்டுக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால், நம் வீடு அவர் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது, அதாவது நம் வட எல்லையில் அவர் இருக்கிறார் என்று பொருள். புதிதாகப் படிக்கிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தெற்கு வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார்கள்.

அடுத்தது கணக்கு. பழைய பத்திரங்களில் பரப்பைக் குழியில் எழுதியிருப்பார்கள். தஞ்சை வட்டாரத்தில் ஒரு குழி 144 சதுரடி, நூறு குழி ஒரு மா. என் பத்திரத்தில் பதினைந்து குழி, கிழமேல் 120 அடி, தென்வடல் 18 அடி என்று இருந்தது. பெருக்கினால் 2160. அதை 144-ஆல் வகுத்தால் சரியாகப் பதினைந்து. பத்திரம் தனக்குள் ஒத்துப்போகிறது என்று மகிழ்ந்து டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிழமேல் 116 அடிதான் இருந்தது. நாலடியைக் காணோம். அரைக் குழி.

அந்த நாலடியைத் தேடியதில் இரண்டு மாதம் போயிற்று. கதையைக் கீழே சொல்கிறேன். இப்போதைக்கு, பத்திரத்தில் "பாத்தியம்" என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். பாத்தியம் என்றால் உரிமை. நடைபாத்தியம், கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பாத்தியம், தாழ்வாரத் தண்ணீர் விழும் பாத்தியம் எனப் பல உண்டு. பொதுச்சுவர் என்று எழுதியிருந்தால் அதில் ஒரு ஆணி அடிப்பதற்கும் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வேண்டும். அதன்மேல் இன்னும் மூன்று வரிசை கல் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுத்தில் இல்லாத பாத்தியமும் உண்டு. வழி, வெளிச்சம், தண்ணீர்ப் போக்கு ஆகியவற்றை ஒருவர் 20 ஆண்டுகள் இடைவிடாமல், தடையில்லாமல், உரிமையாகவே அனுபவித்து வந்தால் அதைச் சட்டம் உரிமையாக ஏற்றுக்கொள்ளும். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்வது அது. "பத்திரத்தில் இல்லையே" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாமல் போகலாம்.

கும்பகோணத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் அடிமனை. இங்கே நிறைய வீடுகளில் கட்டடம் வீட்டுக்காரருடையது, தரை கோயிலுடையது அல்லது மடத்துடையது. அடிமனை வாடகை ரசீது வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இருந்தால், கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் கோயில் நிர்வாக அலுவலரிடமோ மடத்து அலுவலகத்திலோ எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது; அலுவலர் மாறுவார்.

சர்வே

நகரப் பகுதியில் கிராமத்துப் புல எண் கதை உதவாது. வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் ஆகிய மூன்றும் வேண்டும். இவை தெரிந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வருவாய்த்துறையின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். என் வீட்டுக்கு 194 சதுர மீட்டர் என்று இருந்தது. அதைச் சதுரடியாக்கினால் ஏறத்தாழ 2088. பதினெட்டைக் கொண்டு வகுத்தால் 116. அதாவது டேப் சொன்னதைத்தான் பதிவேடும் சொன்னது. அதிகமாகப் பேசியது பத்திரம் மட்டும்தான்.

சொத்துவரி ரசீதில் இருக்கும் அளவை எல்லைக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அது வரி போடுவதற்காக எடுத்த அளவு.

அளந்து எல்லை காட்டித் தருமாறு முறைப்படி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அரசு நில அளவர் வருவார். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போகும். போகாவிட்டால் நீங்களே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் அளந்த அளவுக்குத் தெருவில் மதிப்பில்லை. அளக்கும் நாளில் புல் பூண்டை வெட்டிக் கொல்லையைத் துப்புரவாக வைத்திருங்கள். எனக்கு ஒரு மூலையில் பழைய சர்வே கல் காட்டாமணக்குப் புதரின் அடியில், ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கிடைத்தது. அப்படிக் கிடைக்கும் கல்லைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. சர்வே குறியைச் சேதப்படுத்துவது 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி குற்றம்.

இப்போது அந்த நாலடி. கொல்லைக்குப் பின்னால் ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு சந்து ஓடுகிறது. எடுப்புக் கழிப்பறைகள் இருந்த காலத்தில், தெருப்பக்கம் வரவிடாமல் சில மனிதர்களை மலம் சுமந்து போகவைத்த வழி அது. அந்தக் கொடுமையை 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடை செய்தன. சந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது, மாநகராட்சிச் சொத்தாக. என் பத்திரத்தின் 120 அடி, அந்தச் சந்து விடப்படுவதற்கு முந்தைய அளவு. அதற்குப் பின் எழுதிய ஒவ்வொருவரும் அதையே நகலெடுத்திருக்கிறார்கள். தெருவில் நாலைந்து பேர் சந்தைத் தங்கள் கொல்லையோடு சேர்த்துத் தகரம் அடித்திருக்கிறார்கள். "நீங்களும் சேர்த்துக் கட்டுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்?" என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். தனியார் நிலத்தில் 12 ஆண்டு அனுபவத்தைக் காட்டி உரிமை கேட்டு வாதாடுவார்கள். அரசு நிலத்துக்கு அந்தக் காலம் 30 ஆண்டு. பாதாளச் சாக்கடைக்காக என்றைக்காவது ஒருநாள் பொக்லைன் வந்தால் முதலில் விழுவது அந்தத் தகரங்கள்தான். நான் 116-லேயே நின்றுகொண்டேன்.

மாநகராட்சி, தொல்லியல்

2021-இல் கும்பகோணம் மாநகராட்சியானது. நகரமைப்புப் பிரிவுக்குப் பதிவேட்டு நகலோடும் கையால் வரைந்த ஒரு படத்தோடும் போய், உங்கள் சுவருக்கு அனுமதி எந்த வகையில் வேண்டும் என்று கேளுங்கள். தெருவையோ சந்தையோ ஒட்டிய சுவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். கேட் உங்கள் மனைக்குள்ளேயே திறக்க வேண்டும். படியும் சாய்தளமும் தெருவில் நீளக்கூடாது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றி வீடு வாங்கியவர்களுக்கு வேறு கணக்கு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை முன்அனுமதி வேண்டும். சுற்றுச்சுவர் கட்டடமா என்று அங்கே விவாதம் செய்வதைவிட முதலிலேயே விண்ணப்பம் கொடுப்பது மலிவு.

பக்கத்து வீடு

சர்வேயர் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் பிறகு போனேன்; அது தவறு. கல் நட்ட பிறகு போய் "உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று" என்றால் அது கேட்பதாக இருக்காது, அறிவிப்பதாக இருக்கும். வடக்கு வீட்டுப் பெரியம்மா காபி கொடுத்தார், நலம் விசாரித்தார். சுவரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான், "தம்பி, இந்தக் கொல்லை வழியாகத்தான் எங்கள் வீட்டுப் பசுமாடு போகும். மாடு இப்போது இல்லை. ஆனால் கேட்காமலே அடைத்துவிடுவீர்களோ என்று பார்த்தேன்" என்றார். அவருக்கு வழி வேண்டாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பேசும்போது செலவுப் பங்கீட்டை முதலில் எடுக்காதீர்கள். எங்கே வரும், எவ்வளவு உயரம், அவர்கள் பக்கம் பூச்சு உண்டா, பூசுவதற்கு ஆள் அவர்கள் கொல்லைக்குள் எத்தனை நாள் நிற்க வேண்டும் ஆகிய நான்கையும் பேசிவிட்டால் பணப்பேச்சு தானாக வரும் அல்லது வராது. வராவிட்டால் சுவரை முழுக்க உங்கள் மனைக்குள் கட்டிக்கொள்ளுங்கள். பேசி முடித்ததை ஒரு படத்தோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எல்லையே மாறுகிறது, அவர் அரையடி கொடுக்கிறார், நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் வெள்ளைத்தாள் உதவாது. அதைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பேச்சு முறிந்தால் வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்துச் சமரசத்துக்கு முயலலாம். வழக்கு என்பது அதற்கும் அப்புறம்.

தண்ணீர்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பழைய வீடுகளின் முற்றத்தில் விழும் மழை கற்பலகை மூடிய மடை வழியாகக் கொல்லைக்கு வரும். சில வீடுகளில் அது நேராகப் பின்னால் போகாது. தரை வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக, பக்கத்துக் கொல்லையின் ஓரமாகவே ஓடிப் பிறகு சந்தில் விழும். வடக்கெல்லையில் இடிந்து கிடந்த பழைய மண்சுவரின் அடியில் ஒரு தூம்பு, அதாவது தண்ணீர் போகும் துளை, இருந்தது. ஒரு கை நுழையும் அளவு. எலி வளை என்று நினைத்துக் காரை போட்டு அடைத்துவிட்டேன். ஐப்பசியில் முதல் கனமழை பெய்த இரவு இரண்டு மணிக்குப் பெரியம்மா வீட்டில் விளக்கெரிந்தது. முற்றம் நிரம்பிக் கூடத்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. கடப்பாரையோடு போய் நானே அடைத்ததை நானே உடைத்தேன்.

ஆகவே கோடையில் சுவர் போட முடிவு செய்தாலும், முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த ஓட்டின் சாரல் எதுவரை தெறிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தவறிப்போனால் இரண்டு குடம் தண்ணீரைப் பக்கத்து முற்றத்தில் ஊற்றச் சொல்லி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். இருக்கும் தூம்பு அத்தனையும் புதுச்சுவரிலும் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக வர வேண்டும். நான்கங்குலப் பிவிசி குழாயைத் தரைமட்டத்தில் பத்தடிக்கு ஒன்றாகவும், மிகத் தாழ்ந்த இடத்தில் இரண்டாகவும் வைத்தேன். எலியும் பாம்பும் வராமல் வாயில் கம்பி வலை.

பங்குக் கிணறு எல்லையில் இருந்தால் அதன் அருகில் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் இங்கே கிணறுகளில் ஊற்று ஏறும். நனைந்த மண்ணும் பழைய உறையும் சேர்ந்து சரியும். கிணற்றுக்கு இருபுறமும் ஐந்தாறடிக்குச் சுவரை நிறுத்திவிட்டு, கம்பிவலையும் ஒரு சிறு கதவும் போட்டால் தண்ணீர் எடுக்கும் பாத்தியமும் கெடாது.

எந்த வேலி?

கூடத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பின்வழி இல்லாத வீட்டில் சாமான் அனைத்தும் வாசலில் இறங்கி, வாசலை அடுத்த நடையான ரேழி, கூடம், முற்றம் தாண்டித் தலைச்சுமையாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். ரெடிமேட் காம்பவுண்டு என்று விற்கும் சிமெண்ட் பலகைச் சுவர் இரண்டே நாளில் நின்றுவிடும், விலையும் குறைவு. ஆனால் ஆறேழு அடிப் பலகை உங்கள் ரேழியில் திரும்புமா? என் வீட்டில் திரும்பவில்லை. மூங்கில் கழியை அந்த நீளத்துக்கு வெட்டி நடந்து பார்த்ததில் தூணில் இடித்தது. கழியோடு போயிற்று.

கல்தூண் நட்டு முள்கம்பி இழுப்பது வயலுக்குச் சரி. நெருக்கமான தெருவில், குழந்தைகள் ஓடும் கொல்லைக்கு ஆகாது. செயின்லிங்க் வலை நல்ல தேர்வு: காற்று போகும், தண்ணீர் போகும், அஸ்திவாரம் தூணுக்கு மட்டும். மறைப்பு வேண்டுமானால் அதை ஒட்டி நொச்சியும் ஆடாதொடையும் வைத்தால் ஓராண்டில் அடர்ந்துவிடும். ஆடு வாய் வைக்காது. பழைய ஆட்கள் கிளுவைக் குச்சியை வெட்டி நட்டே வேலி கட்டினார்கள். கிளுவைக்கு அடிக்கடி கழிக்க ஆள் வேண்டும். கழிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குள் வளரும். நான் வடக்கே செங்கல் சுவரும், பின்பக்கம் வலையும் போட்டேன். சுற்றிலும் சுவர் வைப்பதே நல்லது என்று நினைப்பது பழக்கம்தான். ஐந்தடிக்கு மேல் உயர்த்தினால் பதினெட்டடி அகலக் கொல்லை கிணறு மாதிரி ஆகிவிடும். உச்சியில் கண்ணாடிச் சில்லு பதிப்பதை நான் வெறுக்கிறேன். திருடன் சாக்கைப் போட்டுத் தாண்டுவான், பூனைக்குத்தான் கால் கிழியும்.

தோண்டும்போது

நாலரை அங்குலச் சுவர், எட்டு முதல் பத்தடிக்கு ஒரு ஒன்பது அங்குலத் தூண் என்பது வழக்கமான வேலை. அதற்கான அஸ்திவாரக் குழி இரண்டடி அகலம் எடுப்பார்கள். தூணின் வெளிப்புறத்தை எல்லைக்கோட்டில் நிறுத்திக் குழியை நடுவாக எடுத்தால், அது அடுத்தவர் மண்ணுக்குள் குறைந்தது ஏழரை அங்குலம் நீளும். மனையின் 116 அடி முழுக்கக் கணக்கிட்டால் அது மீண்டும் அரைக் குழி! மேலே கோட்டுக்குள் இருக்கும் சுவர் கீழே ஆக்கிரமிப்பாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கம் தோண்டும்வரை. சுவரை உள்ளே தள்ளுங்கள், அல்லது ஒருபக்க அஸ்திவாரமும் தூண்களை இணைக்கும் கான்கிரீட் பெல்ட்டும் போடத் தெரிந்த பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள்.

பக்கத்தில் பழைய சுவர் இருந்தால் நீளமாக ஒரே நாளில் தோண்ட விடாதீர்கள். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் சித்துக்கல் என்ற சிறு செங்கல் அடுக்கியவை, அஸ்திவாரம் ஆழமில்லை. அதைவிடக் கீழே போகாமல், நாலைந்தடித் துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார், கூலி கூடும். கொடுங்கள். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுவதும் வேண்டாம். ஈரம் உள்ளே சிக்கி உப்புப் பூத்து, பூச்சும் கல்லும் சேர்ந்தே உதிரும்.

தென்னை இருந்தால் வேரை வெட்டாமல், மரத்துக்கு இருபுறமும் தூண் நிறுத்தி மேலே லிண்டல் என்ற கான்கிரீட் விட்டம் போட்டுத் தாண்டிவிடலாம். உச்சிப் பூச்சின் சரிவு உங்கள் பக்கமே இருக்கட்டும்.

ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது அஸ்திவாரம், இருபக்கப் பூச்சு, மண் அள்ளுதல், தலைச்சுமைக் கூலி இவற்றில் எது உள்ளே, எது வெளியே என்று எழுதி வாங்குங்கள். தெருவுக்குள் லாரி வராது. முனையில் இறக்கிச் சின்ன வண்டியில் கொண்டுவர வேண்டும். தை முதல் வைகாசிக்குள் முடிப்பது நல்லது. மாசி மகத்தை ஒட்டிய நாட்களில் சாமான் இறக்க முடியாது. அடுத்த மகாமகம் 2028-இல். அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்த ஊரில் எதையும் கட்ட நினைக்காதீர்கள். கட்டி முடித்த சுவருக்கு ஒரு வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். சித்திரை வெயிலில் மதியமும்.

வேலை முடிந்ததும் இன்னொரு டேப் வேலை பாக்கியிருக்கிறது. அசையாத இடங்களிலிருந்து, அதாவது வீட்டின் பின்சுவர் மூலை, கிணற்று விளிம்பு ஆகியவற்றிலிருந்து, புதுச்சுவரின் ஒவ்வொரு முனைக்கும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். தூம்புகள் இருக்கும் இடங்களையும் அதில் குறியுங்கள். ஒரு நகல் தாய்ப்பத்திரத்தோடு இருக்கட்டும், இன்னொன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். பெரியம்மா அதை வாங்கி, எழுத்தைவிடத் தூம்புகளைத்தான் முதலில் எண்ணினார்.